மைலேஜும் மாதத் தவணையும்

பக்கிங்காம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளியில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஆகியவை அமைந்திருந்தும், புறநகர் ரயில் அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றுவிடுவதால், அங்கே பணிக்குச் செல்வோரில் வசதியுள்ளவர்கள் சொந்தக் காரை நாடுவது இயல்பே. பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டி நிற்கையில், மைலேஜ் கூடிய புதிய காருக்கு மாறினால் செலவு குறையும் என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. அந்த எண்ணம் பெட்ரோல் பங்க் ரசீதை மட்டும் பார்ப்பது. வங்கியின் தவணை அட்டவணையைப் பார்ப்பதில்லை.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் 800 லிட்டரும், 20 தந்தால் 600 லிட்டரும் குடிக்கும். மிச்சம் 200 லிட்டர், அதாவது ஏறத்தாழ 20,000 ரூபாய். பழைய காரை விற்ற பணம் போக 6 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், முதலாண்டு வட்டி மட்டுமே 50,000 ரூபாயை நெருங்கிவிடுகிறது. முழுக் காப்பீடு, பதிவின்போதே கட்டவேண்டிய ஆயுட்கால வரி, வண்டியின் மறுவிற்பனை மதிப்பு ஆண்டுதோறும் சரிவதாகிய தேய்மானம் ஆகியவற்றையும் சேர்த்தால், மிச்சம் என்று சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. ஆனால் ஊழியர்களை ஏற்றி இறக்கி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு அதே மாற்றம் ஒரு லட்சம் ரூபாயை மிச்சப்படுத்துவதால், அந்த உரிமையாளரின் கணக்கு முற்றிலும் வேறானது.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கும் முறையே ஏமாற்றக்கூடியது என்பதை லாரிக், சோல் என்னும் ஆய்வாளர்கள் 2008-இல் எடுத்துக்காட்டினர். லிட்டருக்கு 20 தரும் காரை விட்டு 30 தரும் காருக்கு மாறுவது பெரிய பாய்ச்சலாகத் தோன்றினாலும், 1,000 கிலோமீட்டருக்கு மிஞ்சுவது சுமார் 17 லிட்டரே. 10 தருவதை விட்டு 15 தருவதற்கு மாறினாலோ 33 லிட்டர் மிஞ்சும். ஏற்கெனவே சிக்கனமான சிறிய காரை வைத்திருப்பவரே மைலேஜைப் பற்றி அதிகம் கவலைப்படுவது ஒரு வேடிக்கை. போதாக்குறைக்கு, ஆய்வகச் சோதனையில் கிடைத்த அளவு, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் எஞ்சின் ஓடியபடி நிற்கும் காருக்குப் பொருந்துவதில்லை.

உண்மையிலேயே மிச்சமானாலும் அது அப்படியே தங்குமா என்பது வேறு கேள்வி. நீராவி எஞ்சின்கள் சிக்கனமானபோது பிரிட்டனில் நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் பெருகியதை வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865-லேயே சுட்டிக்காட்டினார். பொருளியலார் இதை மீள்விளைவு என்பர். கிலோமீட்டருக்கான செலவு குறைந்ததும், பழவேற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எளிதாகக் கூடிவிடுகிறது. அதை வீண்செலவு என்று கருத வேண்டியதில்லை. புதிய காருக்குக் கையெழுத்திட்டபோது போட்ட கணக்கில் மட்டும் அது இருந்திருக்காது.