பழைய காரை இறக்கலாமா? விட்டியர் வீதியில் முடியாத பஞ்சாயத்து!

லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் ஹாலிவுட் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகரத்தின் கிழக்குப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேதான் இருக்கிறது விட்டியர் பூலவார்ட். சுத்தமான கடைத்தெரு. நகைக்கடை, செருப்புக்கடை, டாக்கோ விற்கும் வண்டி, பெண் பிள்ளைகளின் 15-வது பிறந்தநாள் விழாவுக்கான பெரிய பெரிய கவுன்கள் தொங்கும் கண்ணாடி ஷோகேஸ். (நம்மூர் மஞ்சள் நீராட்டு விழா போல அவர்களுக்கு அது பெரிய விசேஷம்.) தெருவுக்குக் குறுக்கே, 1986-ல் எழுப்பிய வளைவு ஒன்று வீதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த வளைவுக்குக் கீழே ஊர்ந்து வருகின்றன கார்கள். ஓடி அல்ல, ஊர்ந்து. மாட வீதியில் தேர் வருகிற வேகம்தான். 1964 செவர்லே இம்பாலா ஒன்று, கடித்தால் இனிக்குமோ என்று தோன்றும் மிட்டாய்ச் சிவப்பில், வயிறு தரையைத் தொடும் அளவுக்குப் பதுங்கி வருகிறது. சிக்னலில் நிற்கிறது. உள்ளே ஒரு ஸ்விட்ச் தட்டும் சத்தம். சட்டென்று முன்பக்கம் மட்டும் எழுந்து நின்று, மறுபடி பொத்தென்று இறங்குகிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் குழந்தைகள் கத்துகிறார்கள். தாத்தாக்கள் தலையாட்டுகிறார்கள்.

இந்த வண்டிகளுக்கு லோரைடர் என்று பெயர். இவர்களின் தாரக மந்திரம் ஸ்பானிஷில் 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ'. தாழ்வாக, மெதுவாக என்று அர்த்தம். அமெரிக்காவில் மற்றவர்கள் எல்லாம் வேகமாகப் போகக் கார் வாங்கியபோது, மெதுவாகப் போவதற்கென்றே காரைச் செதுக்கியவர்கள் இவர்கள்.

அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு அருமையான காரை இப்படி அறுத்து, வளைத்து, இறக்கலாமா? சரியா, தப்பா? இந்தப் பஞ்சாயத்து எழுபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மணல் மூட்டையில் தொடங்கிய கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்தது. புதுக் கார் வாங்குமளவுக்கு அல்ல. யாரோ ஓட்டிக் கழித்த செவர்லே வாங்குமளவுக்கு. வாங்கிய வண்டி தனியாகத் தெரிய வேண்டுமே? டிக்கியில் மணல் மூட்டையையும் சிமென்ட் மூட்டையையும் அடுக்கினார்கள். பின்பக்கம் இறங்கியது. பிறகு காயில் ஸ்பிரிங்கையே ஒன்றிரண்டு சுற்று வெட்டி எடுத்தார்கள். நான்கு பக்கமும் இறங்கியது.

கலிஃபோர்னியா அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1958 ஜனவரி 1 முதல் ஒரு விதி வந்தது. மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. எழுத்தில் பார்த்தால் பாதுகாப்பு விதி. டயர் காற்று இறங்கினால் காரின் அடிப்பாகம் ரோட்டில் உரசும், ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்காது என்பது நியாயமான பயம்தான். ஆனால், தெருவில் இதைச் சாக்காக வைத்து யாரை நிறுத்தினார்கள் என்று கேட்டால், மெக்சிக வம்சாவளி இளைஞர்களின் முகத்தில் ஒரே பதில்தான் வரும்.

விதி வந்த மறுவருடமே அதற்கு மாற்றும் வந்துவிட்டது! சான் பெர்னார்டினோ பகுதியைச் சேர்ந்த ரான் அகீரே என்ற இளைஞர், இறக்கிய காருக்காக போலீஸிடம் அபராதச் சீட்டு வாங்கி அலுத்துப்போனவர். 1959-ல், தன் அப்பாவின் உதவியோடு, விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட் காரில் பொருத்தினார். ஸ்விட்சைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும். போலீஸ் போனதும் மறுபடி தட்டினால் படுத்துக்கொள்ளும். இன்று உலகமெங்கும் இளைஞர்கள் வாய் பிளந்து பார்க்கும் 'குதிக்கும் கார்' பிறந்த கதை இதுதான். ஒரு அபராதச் சீட்டுக்குச் சொன்ன பதில்.

ஏன் பெரும்பாலும் இம்பாலா? 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாக்களின் சேஸிஸ், ஆங்கில எக்ஸ் எழுத்தின் வடிவில் இருக்கும். ஹைட்ராலிக் வேலைக்கு அது வாகானது. அதோடு, நீளமான உடம்பு, அகலமான பின்பக்கம், வரிசையாக வட்ட விளக்குகள். வண்ணம் தீட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய திரை கிடைக்காது.

ரோஜாக்கள் பூத்த கார்

அப்படித் தீட்டிய கார்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் 'ஜிப்சி ரோஸ்'. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் இம்பீரியல்ஸ் கார் கிளப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸின் வண்டி. அவருடைய முதல் ஜிப்சி ரோஸ், எதிர்க்கோஷ்டியின் கல்வீச்சில் நாசமானதாகச் சொல்வார்கள். மனிதர் விடவில்லை. 1964 இம்பாலா ஒன்றை வாங்கி, ரோஸ் நிறத்தில் முக்கி, உடம்பு முழுக்கக் கையாலேயே ரோஜாக்களை வரையவைத்தார். உள்ளே வெல்வெட் இருக்கை, சரவிளக்கு. 1974-ல் தொடங்கிய ஒரு அமெரிக்க டி.வி தொடரின் தொடக்கக் காட்சியில் அந்தக் கார் ஊர்ந்து வர, நாடே பார்த்தது.

2011-ல் ஜெஸ்ஸி காலமானார். 2017-ல், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எதிரே விரியும் நேஷனல் மால் புல்வெளியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிப்சி ரோஸைக் காட்சிக்கு வைத்தார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பிடித்த முதல் லோரைடர் அது. எந்த மாற்றத்தைச் சொல்லி போலீஸ் வண்டிகளை நிறுத்தியதோ, அதே மாற்றத்துக்காகத் தலைநகரில் மரியாதை!

'கம்பெனி விட்டபடியே இருக்கட்டும்!'

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? பழைய கார்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். இன்ஜின் எண்ணும் பாடி எண்ணும் பொருந்துகிறதா, சீட் துணி அந்த வருடத்து நெசவா, பெயின்ட் அன்றைய நிறப்பட்டியலில் உள்ளதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கேலி செய்யத் தோன்றும், செய்ய வேண்டாம். அவர்கள் வாதத்தில் கனம் இருக்கிறது.

ஸ்பிரிங்கை மாற்றினால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஆனால், ஹைட்ராலிக் வேலை அப்படியல்ல. டிக்கியில் ஆறு, எட்டு, பத்து என்று பேட்டரிகள் உட்கார வேண்டும். பம்ப்புகள் வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேலே சிலிண்டர் போக வழிவெட்ட வேண்டும். குதிக்கும்போது சேஸிஸ் முறியாமலிருக்க இரும்புத் தகடுகளை வெல்டிங் வைக்க வேண்டும். ஒருமுறை வெட்டிய இரும்பு வெட்டியதுதான். பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்தால், அது எப்படி இருந்தது என்பதற்கு அந்த வண்டியில் சாட்சியே மிஞ்சாது. இவ்வளவு எடையைச் சுமந்து குதிக்கும் காரின் பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் சீக்கிரமே தேயும் என்பதை லோரைடர் மெக்கானிக்குகளே மறுக்க மாட்டார்கள்.

பழைமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கான வெனிஸ் சாசனத்தைப் பார்த்து எழுதியது அது. வண்டியின் அசலான கட்டமைப்புக்கும் தோற்றத்துக்கும் குந்தகம் வராமல் பராமரிக்க வேண்டும் என்கிறது. ஆனால், அதே சாசனம் ஒரு வண்டி தன் ஆயுளில் பட்ட அனுபவங்களின் தடயங்களுக்கும் மதிப்புக் கொடுக்கிறது. அப்படியானால் 1970-களில் இறக்கி, ரோஜா வரைந்த ஒரு இம்பாலாவை இன்று 'அசல்' நிலைக்குத் திருப்பினால், அழிவது எது? இந்தக் கேள்வியில்தான் இரண்டு தரப்பும் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

காலமும் ஆட்டத்தை மாற்றிவிட்டது. 1965-ம் ஆண்டு மாடல் இம்பாலா மட்டும் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று அது பொக்கிஷமல்ல. தெருவுக்குத் தெரு நிற்கும் குடும்ப வண்டி. காயலான் கடைக்குப் போகவேண்டிய பத்து வருடப் பழைய காரை எடுத்து அழகுபடுத்திய இளைஞனைப் பார்த்து, 'வரலாற்றைக் கெடுத்துவிட்டாய்' என்று சொல்வது அநியாயம். அவன் எடுக்கவில்லை என்றால் அந்த வண்டியே இன்று இருந்திருக்காது. ஆனால், இன்றைக்கு, துருப்பிடிக்காத, கைபடாத ஒரு 1964 இம்பாலா கிடைத்தால்? அதன் சேஸிஸில் கட்டிங் மெஷினை வைப்பதற்கு முன் ஒரு ராத்திரி யோசிப்பது நல்லது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட வண்டி கிடைக்குமா என்று தேடுவது அதைவிட நல்லது.

லோரைடர்களுக்குள்ளேயும் ஒற்றுமை கிடையாது என்பது இன்னொரு சுவாரஸ்யம். 1930, 40-களின் உருண்டையான செவர்லேக்களை 'பாம்ப்' என்று செல்லமாக அழைப்பார்கள். அவற்றை வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் காரைக் கொஞ்சம் இறக்குவதோடு சரி; அந்தக் காலத்து வெயில் தடுப்பும் விளக்கும் தேடிப்பிடித்து மாட்டுவார்கள். குதிக்கவைப்பதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஹைட்ராலிக் பிரியர்களோ, காற்றுப்பை வைத்து உயர்த்தி இறக்கும் புது ஆட்களை மதிப்பதில்லை. மாற்றத்தை ஆதரிப்பவர்களுக்கும் தங்கள் மரபு மாறக் கூடாது!

சிமயோவின் கனவு

நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான்டா ஃபேயிலிருந்து டாவோஸ் போகும் மலைப்பாதையில் இருக்கிறது சிமயோ என்ற சின்ன ஊர். அங்குள்ள பழைய மாதா... இல்லை, எஸ்கிபுலாஸ் ஆண்டவர் கோயிலுக்குப் புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள். நம்மூரில் புற்றுமண் எடுப்பது போல, அங்கே ஒரு குழியிலிருந்து மண் எடுத்துப் போகிறார்கள். நோய் தீரும் என்று நம்பிக்கை. பக்கத்து ஊரான எஸ்பனோலா, 'உலக லோரைடர் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இந்தப் பக்கத்துக் கார்களின் பானெட்டில் குவாடலூப்பே மாதாவும் இயேசுவும் இருப்பார்கள்.

சிமயோக்காரர் டேவிட் ஹராமியோ. 1969 ஃபோர்டு எல்.டி.டி கார் ஒன்றை வாங்கி இழைக்கத் தொடங்கினார். 1978-ல் விபத்தில் இறந்துபோனார். பாதியில் நின்ற வண்டியை யாருக்காவது விற்றிருக்கலாம். விற்கவில்லை. மனைவியும் உறவினர்களும் சேர்ந்து, அவர் ஆசைப்பட்டபடி அந்த வேலையை முடித்தார்கள். சிவப்பு வெல்வெட் உள்ளலங்காரம், ஹைட்ராலிக், குடும்பத்தின் உருவப்படம் எல்லாம் வந்தன. 'டேவின் கனவு' என்று அதற்குப் பெயர். 1990-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்த ஃபோர்டு காரை அசல் நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று வாதாட, தீவிரமான அசல் விரும்பிக்குக்கூட நாக்கு எழாது.

போர்டை எடுத்தாச்சு!

விட்டியர் வீதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிக அமெரிக்கர்கள் நடத்திய பேரணி கலவரமானபோது, ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் இந்த வீதியில் ஒரு மதுக்கடைக்குள் இருந்தார். ஷெரிஃப் துறையினர் வீசிய கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். இதே வீதியிலுள்ள பூங்காவுக்கு இன்று அவர் பெயர். போலீஸுக்கும் இந்த மக்களுக்கும் இருந்த கசப்பு, காரின் உயரத்தைப் பற்றியது மட்டுமல்ல என்பது இங்கே வந்தால்தான் புரியும். 1970-களின் கடைசியில் விட்டியரில் வார இறுதி கார் உலாவுக்குத் தடை விழுந்தது. கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் நெரிசல், அடிதடி என்று புகார் சொன்னதும் உண்மை.

மற்ற ஊர்களும் தடை போட்டன. சான் டியகோவுக்குப் பக்கத்தில் உள்ள நேஷனல் சிட்டியில் 1992 முதல் 'கார் உலா கூடாது' என்ற அறிவிப்புப் பலகைகள் நின்றன. அங்குள்ள ஹைலேண்ட் அவென்யூவில் அப்பா ஓட்டிய காரில் உட்கார்ந்து வளர்ந்த பெண்களும் இன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள்; தடையை நீக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் அவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். 2022-ல் சான் ஹோசே தன் தடையை நீக்கியது. 2023-ல் நேஷனல் சிட்டியும் இறங்கி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா முழுக்க ஊர்களின் உலாத் தடை அதிகாரத்தை எடுத்துவிட்டது. 1958-ன் சக்கர விளிம்பு விதியிலிருந்தும் பயணிகள் கார்களுக்கு விடுதலை கிடைத்தது.

ராத்திரி சத்தத்துக்கும் நெரிசலுக்கும் பயப்படும் குடியிருப்புவாசிகள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அசல் விரும்பிகள் இன்னும் உச்சுக் கொட்டுகிறார்கள். ஆனால் இம்பாலாக்காரர்கள் இப்போது போலீஸைப் பார்த்து ஸ்விட்சைத் தட்டி வண்டியை உயர்த்த வேண்டியதில்லை. வேகத்தடை வந்தால் மட்டும் போதும்.