மிதப்பதும் முங்குவதும்

பால் கவரைக் கசக்கினால் சத்தம் அதிகம் வராது. பிஸ்கட் கவர் சரசரக்கும். வடசென்னையில், தகரக் கூரை போட்ட தரம்பிரிப்புக் கொட்டகை ஒன்றில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இந்த வித்தியாசம் போதும். பேச்சு பக்கத்தில் இருப்பவரோடு ஓடுகிறது. கை மட்டும் குவியலுக்குள் போய் ஒன்றை எடுத்து, ஒரு நெரி நெரித்து, நான்கு பக்கமும் வாய் பிளந்து நிற்கும் சாக்குகளில் ஏதோ ஒன்றில் எறிகிறது. நான் பார்த்தவரை சாக்கு மாறவில்லை.

"பாத்துப் பாத்துப் பிரிச்சா பொழுது போயிடும் சார். கைக்கே தெரியணும்."

பள்ளிகளில் மறுசுழற்சி பற்றி என்ன சொல்லித்தருகிறார்கள் என்று எழுதத்தான் கிளம்பியிருந்தேன். போன இடமெல்லாம் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, காலை வணக்கத்தில் உறுதிமொழி, பூமிப்பந்து கண்ணீர் விடும் ஓவியங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீலத் தொட்டிக்குள் விழுந்த பொருள் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்தார்கள், ஆசிரியர் என்னைப் பார்த்தார். யாரோ, எங்கேயோ மறுசுழற்சி செய்துவிடுவார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்த யாரோவைப் பார்க்கத்தான் கொட்டகைக்கு வந்தேன்.

பாடப்புத்தகத்தில் குப்பை இரண்டு வகை: மக்கும், மக்காத. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: ஈரக் குப்பை; உலர்ந்த குப்பை; பேட்டரி, மருந்து போன்ற ஆபத்தான வீட்டுக் குப்பை. அக்காவின் கணக்கு வேறு. உலர்ந்த குப்பை என்று விதிகள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்ட இடத்திலிருந்துதான் அவர் தொடங்குகிறார். பெட் (PET) பாட்டில் தனி, அதிலும் நிறமில்லாதது ஒரு சாக்கு, பச்சை ஒரு சாக்கு. ஷாம்பு, பினாயில் டப்பாக்கள் தனி. உடைந்த குடமும் வாளியும் தனி. பால் கவர், எண்ணெய்க் கவர், துணிக்கடைப் பை, எல்லாம் தனித்தனி. காகிதத்தில் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், நோட்டுத்தாள். இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை குப்பைக்கு வருவதற்கு முன்பே வேறு கைக்குப் போய்விடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பழைய பொருள் கடைக்குக் கலந்து கொண்டுபோனால் சாக்கில் இருப்பதிலேயே மட்டமான சரக்கின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பெட் உருக ஏறத்தாழ 250 டிகிரி சூடு வேண்டும். பாலித்தீனுக்கு அதில் பாதி போதும். குழாய் செய்யும் பி.வி.சி.யோ பெட் உருகும் சூட்டில் கருகி அமிலப்புகை விட்டு மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். தண்ணீர்க் குழாயின் ஒரு சிறு துண்டு பாட்டில் சாக்கில் விழுந்தால், எங்கோ தூரத்து ஆலையில் அதன் விலை தெரியும். அக்கா ஆலையைப் பார்த்ததில்லை. குழாய்த் துண்டை மட்டும் பாம்பைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைக்கிறார்.

கையும் காதும் ஏமாந்தால் தீக்குச்சி. ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்க்கிறார்கள். மெழுகுவத்தி அணைந்த வாசம் வந்தால் பாலித்தீன் ரகம், மூக்கைக் குத்தினால் குழாய் ரகம். பாலிமர் வேதியியலைச் சுவாசப்பையால் படிக்கும் இந்த முறையை எனக்குப் பெருமையாகச் சொல்லிக் காட்டியபோது ரசிக்க முடியவில்லை. கையுறையே பாதிப் பேர் கையில் இல்லை. இருக்கும் கையுறையைப் போட்டால் கவரின் கனம் தெரியாதாம், கழற்றிவிடுகிறார்கள். பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி, செய்தித்தாளில் கூடச் சுற்றாமல் போட்ட நாப்கின் எல்லாம் அதே குவியலில்தான் வருகின்றன.

அக்கா முன்பு கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் பொறுக்கியவர். சுமார் 340 ஏக்கர் மேடு அது. லாரி கொட்டும்போதே பாய்ந்து எடுக்க வேண்டும், கம்பு நுனியில் காந்தம் கட்டி இரும்பு தேட வேண்டும், கோடையில் எந்தப் பக்கம் புகை கிளம்பும் என்று பார்த்து நகர வேண்டும். இப்போது அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் வரப்போகிறது என்று பேச்சு, வடசென்னை மக்கள் எதிர்க்கிறார்கள். அவர்களின் கவலை புகை. அக்காவின் கவலை இன்னொன்று. நன்றாக எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும்தான், சோறும் காய்கறித் தோலும் அல்ல. "நான் விக்கிறதத்தான் அது துன்னும்" என்றார். சுற்றுச்சூழல் கருத்தரங்குகளில் அரைமணி நேரம் விளக்கப்படுவது இதுதான்.

இந்த அக்காவைத்தான் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்ற ஆசிரியை ஏழாம் வகுப்புக்கு அழைத்திருந்தார். தூய்மை இந்தியா பரப்புரையாளர்கள் முன்பே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த முறை பேச்சாளர் வேண்டாம், வேலை தெரிந்தவர் வேண்டும் என்பது ஆசிரியையின் எண்ணம். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "எனக்கு என்ன பேசத் தெரியும் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் பாட்டில் ஒன்றையும் அதன் மூடியையும் கையில் எடுத்தார். கத்தரிக்கோலால் பாட்டிலிலிருந்து விரல்நக அளவு ஒரு துண்டை வெட்டினார். "இது ரெண்டுல எது முங்கும்?" மூடிதான் என்று வகுப்பே கத்தியது. மூடி தடிமன், துண்டு தாளைப் போல மெலிசு, வேறென்ன தோன்றும்? மூடியைப் போட்டார், மிதந்தது. துண்டைப் போட்டார், அதுவும் தண்ணீர் மேலேயே படுத்துக்கொண்டது. பின்வரிசையில் சிரிப்பு. அக்கா அசரவில்லை. விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார், துண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மூடியை எத்தனை தடவை அமுக்கினாலும் எழும்பி வந்தது. பிள்ளைகள் முறைபோட்டு அமுக்கிப் பார்த்து, தரையெல்லாம் தண்ணீர்.

"மில்லுலயும் இதான். அரைச்சுத் தொட்டியில கொட்டுவாங்க. மூடி மேல வந்துரும், வழிச்சு எடுத்துருவாங்க. பாட்டில் கீழ நின்னுரும்."

அடியில் நின்ற அந்தத் துண்டிலிருந்து இழை எடுத்து நூலாக்கித் துணி நெய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீலநிற மேல்சட்டை அப்படிப்பட்ட துணியில் தைத்தது, துணி கரூர் நிறுவனத்துடையது. ஆசிரியை இதைச் சொன்னபோது பிள்ளைகள் தங்கள் சீருடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அடர்த்தி என்ற பாடம் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. வாளி இருந்த வகுப்பில் அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிறகு பைகள் திறந்தன. இது போகுமா, அது போகுமா என்று மேசைமேல் ஒரு கடையே சேர்ந்துவிட்டது. சிப்ஸ் கவரைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினார் அக்கா. வெள்ளி மாதிரி மின்னினால் யாரும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடக்கின்றன, எளிதில் பிரிக்க வழியில்லை. இப்படி விலைபோகாத சரக்கில் ஒரு பகுதி அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. அதையும் மறுசுழற்சிக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எரித்தது எரித்ததுதான்.

ஒரு பையன் தீர்ந்துபோன பந்துமுனைப் பேனாவை நீட்டினான். அக்கா அதைக் கழற்றினார். உடம்பு ஒரு பிளாஸ்டிக், ரீஃபிள் வேறொரு பிளாஸ்டிக், முனை பித்தளை, நடுவே மிச்ச மை. "பிரிக்கிற நேரத்துக்குக் கட்டாது கண்ணு. குப்பதான்." வருடத்துக்கு எத்தனை பேனா என்று ஆசிரியை வகுப்பைக் கேட்க, பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி விரல் போதாமல் சிரித்தார்கள். "ரீஃபிள் மாத்திக்கலாம்ல?" என்று அக்காதான் சொன்னார். பிளாஸ்டிக் விழிப்புணர்வு முகாம்களில் பேனாவையே நினைவுப்பரிசாகத் தருவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பால், எண்ணெய்க் கவர்களுக்கு விலக்கு இருக்கிறது. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. கழுவிக் காயவைத்த பால் கவரை விற்றுவிடலாம். கழுவாததுதான் வில்லங்கம், இரண்டே நாளில் புளித்துப் புழு வைத்து, கூட இருக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். பார்சல் சாம்பார் பாதி மிஞ்சிய பையை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் குப்பைக்குப் போடும் வீடு ஒரு தெருவில் ஒன்று இருந்தால் போதும், அந்தத் தெருவின் காகிதம் எல்லாம் போச்சு.

தெருக்களுக்கும் அக்காவோடு போனேன். "நாங்க பிரிச்சுக் குடுத்து என்ன, வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க" என்று எல்லாத் தெருவிலும் யாராவது ஒருவர் சொன்னார். சில வண்டிகளில் அது உண்மையும்கூட. பாட்டுப் போட்டபடி வரும் பேட்டரி வண்டியில் தொட்டிகள் தனித்தனியாக இருந்தாலும், ஒன்று நிரம்பிவிட்டால் அடுத்ததில் கொட்டுவது நடக்கிறது. ஓட்டுபவருக்குத் தெரு முடிக்க வேண்டிய நேரம் இருக்கிறது. ஆள் வேறு அடிக்கடி மாறுகிறார்.

சென்னைக்கு இது புதுப் பிரச்சினை அல்ல. 1989-இல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கியபோது, தெருக்காரர்களே மாதச் சந்தா போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை வைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். சென்னையை ஒட்டிய பம்மலில் 1990-களில் மங்களம் பாலசுப்பிரமணியனும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து வீடுவீடாகக் குப்பை பிரிக்கச் சொல்லி, மண்புழு உரம்வரை கொண்டுபோனார்கள். இரண்டிலும் தினமும் வாசலுக்கு வந்தவர் தெரிந்த முகம். அவரிடம் அழுகிய பையை நீட்ட வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும். பிரித்துத் தராவிட்டால் "இதக் கொஞ்சம் பிரிச்சுக் குடும்மா" என்று திருப்பித் தர அவருக்கும் உரிமை இருந்தது. துண்டறிக்கை எத்தனை அடித்தாலும் அந்த உரிமை கிடைக்காது. அக்கா நடந்துபோகும் தெருக்களில் நான் பார்த்ததும் இதுதான். "அக்கா, இன்னிக்குக் கவர கழுவி வச்சிருக்கேன்" என்று ஒரு பாட்டி மாடியிலிருந்து கத்தினார். அடுத்த தெருவில், அக்காவைத் தெரியாத வீடுகளில், ஒரே கறுப்புப் பை.

கல்வியாண்டு முடிகிற சமயம் நோட்டுகள் குவியும். பள்ளியில் சேர்த்த நோட்டுகளைச் சாக்கில் கட்டி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, அண்ணாச்சியின் பழைய பேப்பர் கடைக்குப் போனோம். விற்ற பணம் பள்ளிக்கு, வண்டிக்கூலி அக்காவுக்கு என்று பேச்சு. ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் கூட வந்திருந்தார்கள்.

அண்ணாச்சி தராசில் வைத்தார். உள்ளங்கையைக் கட்டுக்குள் செருகிப் பார்த்து, "ஈரம் இருக்கு, மூணு கிலோ கழிவு" என்றார். அக்கா பேசாமல் கட்டின் நடுவிலிருந்து ஒரு நோட்டை உருவி, தாளைக் கிழித்து, அண்ணாச்சியின் கன்னத்தில் வைத்தார். "எங்க ஈரம் அண்ணாச்சி? உங்க கைதான் வேர்த்திருக்கு." மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒரு கிலோவுக்கு இறங்கினார்.

"அந்த ஒரு கிலோ எதுக்கு?"

"மேல பாருங்க, பாதி நோட்டுக்குப் பளபளன்னு பிளாஸ்டிக் ஒட்டின அட்டை. மில்லுல எங்கிட்ட கழிப்பான்ல, அதுக்கு."

அக்காவுக்கு இதற்குப் பதில் இல்லை. அட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினார். அடுத்த வருடம் கட்டுவதற்கு முன்பே அட்டையைக் கிழித்துத் தனிச் சாக்கில் போடச் சொல்லி ஆசிரியையிடம் சொன்னார். கம்பிப் பின்னையும் எடுக்கணுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அண்ணாச்சியே பதில் சொன்னார்: "பின்னு இருக்கட்டும் பாப்பா, அத மில்லுல காந்தம் பாத்துக்கும்."