ஒரு தோளின் மேல் ஒரு பருவம்

வலுவில்லாதவர்கள் தோற்றால் வருத்தம் இருக்கும், புதிர் இருக்காது. வலுவானவர்கள் எந்த வலுவை நம்பி வந்தார்களோ அதனாலேயே தோற்கும்போதுதான் மனம் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று, ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் 3-2 என்ற கணக்கில் தோற்றதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது அதனால்தான் என்று தோன்றுகிறது.

நாங்கள் சிலர் வேலை நிமித்தம் வடமேற்கு ஆர்கன்சாவில் குடியேறியவர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே ஃபயட்வில் நகரில் உள்ள மைதானமும், 'ரேசர்பேக்ஸ்' எனப்படும் காட்டுப்பன்றிப் படையும், ஊரே சேர்ந்து எழுப்பும் அந்த வினோதக் கூச்சலும் எங்களைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. பேஸ்பாலைப் புரிந்துகொள்ள எங்களுக்கு உதவியதும் கிரிக்கெட்தான். எங்கே வேறுபடுகிறது என்று காட்டிக் கொடுத்ததும் அதுவே.

அந்த ஆண்டு ஆர்கன்சா சாதாரண அணி அன்று. தன் பிரிவான எஸ்.ஈ.சி.யில் ஆடிய ஒரு வாரயிறுதித் தொடரையும் இழக்கவில்லை. பிரிவின் பட்டத்தையும் அதன் இறுதிப் போட்டித்தொடரையும் வென்றது. நாடு தழுவிய போட்டிக்கு முதல் தரவரிசை அணியாக நுழைந்தது. இவ்வளவுக்கும் நடுநாயகமாக இருந்தவர் கெவின் காப்ஸ் என்ற பிட்சர், அதாவது பந்தெறிபவர். முழங்கை அறுவைச் சிகிச்சையால் முன்பே ஒரு பருவத்தை இழந்தவர். மாணவராக ஆறாம் ஆண்டில் இருந்தவர்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருவர், அவர் களைத்ததும் வருபவர்கள் வேறு சிலர். காப்ஸ் பின்னால் வருபவர். முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பதே அவர் பணி. பொதுவாக அப்படி வருபவர் ஓரிரு இன்னிங்ஸ் எறிவார். காப்ஸோ அந்தப் பருவத்தில் 33 ஆட்டங்களில் ஏறத்தாழ 90 இன்னிங்ஸ் எறிந்தார். சராசரியாக ஆட்டத்துக்கு மூன்று இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு. 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டம் சராசரியாக ஒன்றுகூட இல்லை, 0.90 மட்டுமே. நேராக வருவதுபோல் வந்து கடைசி நொடியில் விலகும் அவருடைய பந்தை, என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் எவராலும் அடிக்க முடியவில்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கல்லூரி அணிகள் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் தொடர் ஆடுபவை. ஆகவே தொடங்குவதற்கு மூன்று நல்ல பிட்சர்கள் வேண்டும். அந்நாளில் கல்வி உதவித்தொகைக்கும் வரம்பு இருந்தது: ஓர் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைகள். அதைப் பலருக்குள் பங்கிட வேண்டும். எல்லாருக்கும் பிட்சர் பஞ்சம்தான். ஆர்கன்சாவின் தொடக்கப் பிட்சர்கள் பல ஆட்டங்களில் சீக்கிரமே களத்தைவிட்டு வந்தார்கள். அது அணியை வருத்தவில்லை, ஏனென்றால் காப்ஸ் இருந்தார். ஒரு குறை வலிக்காதபோது அதற்கு மருந்து தேடுபவர் யார்?

கிரிக்கெட்டில் ஒருநாள் ஆட்டத்தின் விதியே அணித்தலைவரைத் திருத்துகிறது. பத்து ஓவருக்கு மேல் ஒருவர் வீச முடியாது. எப்படிப்பட்ட மேதையை வைத்திருந்தாலும் ஐந்தாவது பந்துவீச்சாளரைத் தேடியே ஆகவேண்டும். பேஸ்பாலில் அந்தக் கட்டாயம் இல்லை. பயிற்சியாளரின் மனக்கட்டுப்பாடு ஒன்றுதான் எல்லை. 2009இல் டெக்சஸ் அணியின் ஆஸ்டின் வுட், பாஸ்டன் காலேஜுக்கு எதிராக 25 இன்னிங்ஸ் நீண்ட ஓர் ஆட்டத்தில், பின்னால் வந்து 13 இன்னிங்ஸ் எறிந்தார். 169 பந்துகள். அதை வீரம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு, கொடுமை என்று கொதித்தவர்களும் உண்டு.

ஜூன் 7 அன்று நெப்ராஸ்கா அணிக்கு எதிராகத் தோற்றால் வெளியேற்றம் என்ற நிலையில் காப்ஸ் பின்னால் வந்து ஏழு இன்னிங்ஸ் எறிந்து அணியைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் நார்த் கரோலினா ஸ்டேட் வந்தது. மூன்றில் இரண்டு வென்றால் ஓமஹாவில் நடக்கும் இறுதிக்கட்டம். முதல் ஆட்டத்தில் ஆர்கன்சா 21-2 என்று நசுக்கியது. இரண்டாவதில் 6-5 என்று தோற்றது. மூன்றாவதைத் தொடங்கப் பயிற்சியாளர் டேவ் வான் ஹார்ன் காப்ஸையே அனுப்பினார். அந்தப் பருவத்தில் அவர் ஆட்டத்தைத் தொடங்கியது அதுவே முதல் முறை.

எட்டு இன்னிங்ஸ் எறிந்தார். ஆட்டம் 2-2. ஒன்பதாவதிலும் அவரே வந்தார். எதிர் அணியின் ஹோசே டோரஸ் அந்த இன்னிங்ஸின் முதல் பேட்டர். அவர் அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுந்தது. ஒரே பிட்சரை ஒரே நாளில் மூன்றாம் முறை எதிர்கொள்ளும் பேட்டர் முன்னைவிட நன்றாக அடிக்கிறார் என்பதை நெடுநாள் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. பின்னால் வருபவரின் பலமே, அவரைப் பேட்டர்கள் அதிகம் பார்க்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. அன்று அந்தப் பலத்தை அணி தானாகவே கைவிட்டிருந்தது.

ஆயினும் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸைக் குற்றம் சாட்டுவது எளிது என்பதால் அதைச் செய்ய எங்களுக்கு மனமில்லை. அந்த நேரத்தில் வான் ஹார்னிடம் அவரைவிட நம்பகமானவர் யாரும் இல்லை. முதல் நாள் 21 ஓட்டம் எடுத்த பேட்டர்கள் அன்று இரண்டோடு நின்றதையும் மறந்துவிடக் கூடாது. தவறு நடந்திருந்தால் அது மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடந்தது. வென்றுகொண்டிருந்த அந்த நாட்களில், சில ஆட்டங்களைப் பணயம் வைத்தாவது இன்னும் இருவரைக் கடைசி இன்னிங்ஸ்களுக்குப் பழக்கியிருக்கலாம். ஆனால் வெற்றியின் நடுவே தோல்வியை வலிய வரவழைக்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? குடும்பத்தில் எல்லாப் பொறுப்பையும் ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் தலையெடுக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே இல்லையா?

இன்னொன்றும் உறுத்துகிறது. கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்ற அனுமதி 2021 ஜூலை 1 அன்றுதான் வந்தது. அந்த ஆட்டம் முடிந்து 18 நாட்கள் கழித்து. ஒரு மாநிலத்தின் கனவைச் சுமந்த அந்தக் கைக்கு அதுவரை அப்படியொரு வருமானமும் கிடையாது. காப்ஸுக்கு அந்த ஆண்டின் கோல்டன் ஸ்பைக்ஸ் விருது கிடைத்தது. சான் டியாகோ பாட்ரேஸ் அணி மூன்றாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. தோல்வியின் முகமாக அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் இல்லை என்பது எங்களுக்கு ஆறுதல்.

2025இல் இதே அணியின் கேஜ் வுட், ஓமஹாவில் ஓர் அடியும் விட்டுக்கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து முழு ஆட்டத்தையும் தனியாக முடித்தார். இரண்டு நாள் கழித்து, அவர் எறிய முடியாத ஆட்டத்தில், ஆர்கன்சா 6-5 என்று எல்.எஸ்.யு.விடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் தோற்று ஊர் திரும்பியது. அந்த ஆண்டு வரை ஓமஹாவின் பட்டம் அந்த அணிக்குக் கிட்டவில்லை. உதவித்தொகைக்கான பழைய உச்சவரம்பு 2025க்குப் பிறகு, புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு நீங்கிவிட்டது. இனி அங்கே நல்ல கைகள் கூடுதலாகச் சேரக்கூடும். அவற்றை நம்பிப் பந்தைக் கொடுக்கும் மனம் மட்டும் விதிகளால் வருவதில்லை.