மேளக்காரரின் காது

என் தாய்மாமா தவில் வாசிப்பவர். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் அருகருகே வரும் மூலையில் உள்ள ராமகுப்பம் அவர் ஊர். அங்கே ஒரே திண்ணையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும். நான் சிறுமியாக இருந்தபோது, சாமி ஊர்வலம் தெருமுனையில் வரும்போதே நாகஸ்வரத்தில் என்ன ராகம் என்று மாமா சொல்லிவிடுவார். சில வருடங்களாக எந்த மொழியில் எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "இன்னா?"

வயதாகிறது என்று நினைத்துக்கொண்டோம். அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

2018இல் லண்டன் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தேன். ராயல் ஆப்பரா ஹவுஸ் இசைக்குழுவில் வயோலா வாசித்தவர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர். 2012இல் வாக்னரின் இசைநாடக ஒத்திகை ஒன்றில் பித்தளை ஊது வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து வாசித்ததில் அவர் காது கெட்டது. வாசிப்பையே விட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கலைக்காக அவ்வளவு சத்தம் தவிர்க்க முடியாதது என்ற வாதம் எடுபடவில்லை. 2019இல் மேல்முறையீட்டிலும் பொறுப்பு நிறுவனத்தின் மீதே நின்றது. 'பித்தளை வாத்தியம்' என்று எழுதினால் வாசகருக்குப் புரியுமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். மாமாவைப் பற்றி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி அறைக்குள் மாமா; கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கனத்த ஒலிகளுக்கு டக் டக்கென்று அழுத்தினார். சுருதி ஏற ஏற, பரிசோதிப்பவர் விசையைத் தட்டுவது எனக்குத் தெரிந்தது. மாமாவின் விரல் அசையவில்லை. அடுத்த ஒலிக்காகச் சிரித்த முகத்துடன் காத்திருந்தார்.

செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். மாமாவுக்குப் பெருமை. "பாத்தியா பாப்பா, பறை கிழியல!"

தமிழில் செவிப்பறை, தெலுங்கில் கர்ணபேரி. இரண்டு மொழிகளும் காதுக்குள் ஒரு மேளத்தை வைத்துவிட்டன. தோல் கிழிந்தால்தான் கேடு, கிழிந்தால் மாற்றிக் கட்டலாம் என்றுதானே மேளக்காரருக்குத் தோன்றும்? ஆனால் கேடு நடப்பது அந்தப் பறைக்கும் உள்ளே, நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உட்காதில். அங்கே ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். பெருஞ்சத்தத்தில் அவை துவள்கின்றன. துவண்டவற்றில் பல மீள்கின்றன. கச்சேரி முடிந்த இரவு அடைத்துக்கொண்ட காது காலையில் திறந்துகொள்வது இதனால்தான். அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம், அது எச்சரிக்கை. செத்துப்போன செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது உயர்ந்த சுருதியை உணரும் செல்கள். தமிழ் படித்தவள் முறையில் சொன்னால், உயிரெழுத்து கேட்கும். வல்லின மெய் நழுவும். தவிலில் குச்சி விழும் தொப்பியின் கனத்த ஒலி கேட்கும். விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையின் கூர்மையான சொற்கள் மங்கும். தன் சொல் தனக்குக் கேட்காதவர் என்ன செய்வார்? இன்னும் ஓங்கி அடிப்பார். மாமாவின் கை முரடாகிவிட்டது என்று நாகஸ்வரக்காரர் குறைப்பட்டுக்கொண்டதன் காரணம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

இதில் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல் தந்த வரம்பு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி என்று இறங்கி, 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். ஒரு முகூர்த்தத்தில் மேடையருகே கைபேசிச் செயலியை வைத்துப் பார்த்தேன். கெட்டிமேளத்தின்போது 100ஐத் தாண்டியது. செயலி மருத்துவக் கருவி அல்லதான். ஆனால் மாமா நாற்பது வருடம் வாசித்தவர்.

தவிலைக் குறை சொல்ல மாட்டேன். திறந்த வெளிக்கு, தேரோடும் வீதிக்குப் பிறந்த வாத்தியம் அது. அங்கே ஒலி பரந்து கரையும். அதைக் கான்கிரீட் மண்டபத்துக்குள் அடைத்து, முன்னால் மைக்கும் வைத்தது நாம். சட்டமும் மேளக்காரரை மறந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் காக்கின்றன. ஆலைத் தொழிலாளியின் காதுக்கும் விதி உண்டு. மண்டபம் மண்டபமாகப் போய் வாசிப்பவரின் காதுக்கு யார் பொறுப்பு?

மாமாவின் பேரன் பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறான், வயது 19. பேஸ் பெட்டிகள் ஏற்றிய வண்டிக்கு முன்னால் இரவெல்லாம் நடப்பவன். பஞ்சு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். பஞ்சு அநேகமாக எதையும் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் தடுக்கும். ஆனால் கூர்மையான ஒலியை அதிகமாக விழுங்கிவிடுவதால் வாசிப்பவர்களுக்குப் பிடிப்பதில்லை. இசைக் கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன. அவை எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாக இறக்கும். 15 டெசிபல் இறங்கினால் போதும். 100 என்பது 85 ஆகும், 15 நிமிடம் 8 மணி நேரமாகும். ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். பெட்டிக்கு நேரே நிற்காதே, நடுநடுவே சத்தமில்லாத இடத்தில் பத்து நிமிடம் உட்கார் என்றும் சொன்னேன். "சரி அத்தை" என்றான். நான் நம்பவில்லை.

போன மே மாதம் கங்கையம்மன் ஜாத்திரையில் அதை அவன் மாட்டியிருந்தான். "மேளம் அடிக்கிறவன் காதை மூடிக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேலி செய்தார். மாமாவே ஒரு காலத்தில் சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். பெரியவர் சொன்னது அவர் காதில் விழவில்லை. பேரனின் காதைக் கண்டவர், அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

தெருமுனையில் நாகஸ்வரம் வந்தது. மாமா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா ராகம் பாப்பா?"

சொன்னேன். "இன்னா?" என்றார். கைபேசியில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன்: தோடி.