சாம்பல் குளியலறையும் அம்மாவும்

ஜேர்மனியில் வாடகை வீட்டில இருந்தவைக்கு நான் சொல்லப்போறது உடன விளங்கும். வீட்டைத் திருப்பிக் குடுக்கேக்க வெள்ளையடிச்சுக் குடுக்கிறதுதான் வழக்கம். ஒரு சனிக்கிழமை, நாலு கூட்டாளிமார், ரெண்டு வாளி வெள்ளைப் பெயின்ற், ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி... வேலை முடிஞ்சிடும். நான் 1987 இல இஞ்ச வந்து, 2018 இல ஒரு பழைய வீட்டைச் சொந்தமாய் வாங்கும்வரை ஏழு வீடு மாறினனான். ஏழுக்கும் வெள்ளை. நிறம் அடிக்க ஆசை இல்லாமலில்லை. பயம். பிறகு 2013 நவம்பரில ஜேர்மன் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிப்போட்டுது, வெள்ளையாய் வாங்கின வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்த் திருப்பிக் குடுத்தால் நட்டஈடு கட்டவேணும் எண்டு. அதை வாசிச்சிட்டு மனிசிக்குக் காட்டினன். "பாத்தீரே, நான் சொன்னனான்தானே!"

சொந்த வீடு வந்தவுடன அந்தச் சாட்டுப் போச்சு.

வாங்கின வீடு எழுபதுகளில கட்டினது. பாத்றூமில தொட்டி, பேசின், ரொய்லெற் எல்லாம் பாசி நிறப் பச்சை. அந்தக் காலத்தில ஜேர்மன்காரருக்கு அதுதான் நாகரிகம். மகள் எட்டிப் பாத்திட்டு "அப்பா, உது உடைக்கத்தான் வேணும்" எண்டாள். மனிசிக்கு ஊரில இப்ப வெளிநாட்டுக் காசில எழும்பிற வீடுகள் மாதிரி, முகம் தெரியிற பளபளா கிறீம் ரைல்ஸ். மகளுக்கு நிலம், சுவர், இடையில பூசிற சாந்து எல்லாமே சாம்பல். எனக்குச் சிவப்பு. கோண்டாவிலில எங்கட வீட்டு விறாந்தை மாதிரிச் சிவப்பு. சீமெந்தோட சிவப்புத் தூள் கலந்து, கரண்டியால தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கின நிலம். மத்தியான வெய்யிலுக்கு வெறும் மேலோட அதில படுத்தவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

அம்மாவைக் கேட்டன். 1996 இல கொழும்பால வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்களோடதான். "உங்கட விருப்பம் தம்பி" எண்டா.

ரைல்ஸ் கடையில இருந்தவர் நல்ல மனுசன். சுவருக்குப் பெயின்ற் தெரிவுசெய்துபோட்டு அதுக்குத் தோதாய் ரைல்ஸ் தேடி வந்த எங்களைப் பாத்துச் சிரிச்சார். முறை மறுவளம். பெயின்ற் எந்த நிறத்திலையும் கலந்து தருவினம். ரைல்ஸ், தொழிற்சாலை சுட்ட நிறத்தில மட்டும்தான் கிடைக்கும். ஆனபடியால் முதல் ரைல்ஸ், பிறகு பெயின்ற். கடை வெளிச்சத்தில முடிவெடுக்காதையுங்கோ எண்டு மாதிரித் துண்டுகளைத் தந்துவிட்டார். அது உண்மைதான். கடையில மென்சாம்பலாய் இருந்தது, வடக்குப் பாத்த யன்னலுள்ள எங்கட அறையில நீலமடிச்சு ஆசுப்பத்திரி மாதிரி இருந்துது. பெயின்ற் அட்டையும் அப்பிடித்தான். விரலகலத் துண்டில மெல்லிசாய்த் தெரியிறது நாலு சுவரிலையும் ஏறினால் கடுமையாய் நிக்கும். பெட்டிகளில உள்ள தொகுதி இலக்கம் எல்லாம் ஒண்டாய் இருக்கவேணும், வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து வீதம் கூட வாங்கவேணும் எண்டதும் அவர் சொல்லித்தான் தெரியும். அவர் பத்து வீதம் எண்டார். நான் தமிழன், இருபத்தைஞ்சு வாங்கினன்.

கடைசியில மகள்தான் வெண்டாள். கருஞ்சாம்பல் நிலம், அதைவிட ஒரு படி இளஞ்சாம்பல் சுவர், வாசல்படி இல்லாத சாம்பல் குளிப்பிடம். படம் மாதிரி இருந்தது, பொய் சொல்லப்படாது. வந்த சனமெல்லாம் போனில படம் எடுத்துக்கொண்டு போச்சினம்.

அம்மா ஒரு கிழமை குளிக்கேல்லை. தடிமன் எண்டா. பிறகு குளிர் எண்டா. கீழ இருந்த சின்ன ரொய்லெற்றிலதான் முகம் கைகால் கழுவினா. ஒருநாள் விடிய நான் வேலைக்கு வெளிக்கிடேக்க, பாத்றூம் வாசலில நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஒரு காலை முன்னுக்கு வைக்கிறதும் எடுக்கிறதும்.

"தம்பி, உதுக்குள்ள தண்ணி நிக்குதே? கிணறு மாதிரிக் கிடக்கு."

அவவுக்கு அப்ப 84. ஒரு கண்ணில புரை வெட்டினது, மற்றக் கண்ணில விழித்திரைக் கோளாறு. கண் டொக்டர் விளங்கப்படுத்தினார். இந்த வயதில கிட்டக்கிட்ட உள்ள நிறங்களைப் பிரிச்சறியிறது கஷ்டமாம். நிலம் எங்க முடியுது, சுவர் எங்க தொடங்குது எண்டு தெரியாது. வெளிச்ச அறையில இருட்டு நிலம் பள்ளமாய்த் தெரியும். வாசலில போடுற கறுத்தக் கால்மிதியே சிலருக்குக் குழியாம். நாங்கள் எது ஒண்டோடொண்டு பொருந்தவேணும் எண்டு மூண்டு மாசம் மண்டையை உடைச்சமோ, அந்தப் பொருத்தம்தான் அம்மாவுக்கு இடைஞ்சல். அவவுக்கெண்டு பூட்டின பிடிகம்பியும் சாம்பல்!

எனக்கு மகளில கோவம், என்னில அதைவிடக் கோவம். இரவு சாப்பிடேக்க, "அப்பவே சிவப்புப் போட்டிருக்கலாம், எங்கட வீட்டு நிலம் மாதிரி" எண்டு தொடங்கினன். அம்மா சோத்தை அளைஞ்சுகொண்டு சொன்னா, "அந்த நிலத்தில நான் மூண்டுதரம் வழுக்கி விழுந்தனான். கொப்பர் ஆசைக்குப் போட்டவர். பொலிஷ் போட்டுப் பொச்சுமட்டையால தேய்ச்சது ஆர்? நான்."

2004 இல, சமாதான காலத்தில, அவவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைப் பாக்கப் போனனான். 1995 ஒக்டோபர் 30 இல விட்டிட்டு ஓடின வீடு. கூரை இல்லை, நிலைகளையும் கழட்டிக்கொண்டு போட்டினம். நிலம் மட்டும் கறுத்துப் பாசிபிடிச்சுக் கிடந்துது. நான் போத்தில் தண்ணியை ஊத்திச் செருப்பால தேய்ச்சு, சிவப்புத் தெரிய அழுதனான். அம்மா அழேல்லை. ஒரு மூலையைக் காட்டி ஏதோ சொன்னா. நான் காதில வாங்கேல்லை. விழுந்த இடத்தைத்தான் காட்டியிருக்கவேணும்.

திருத்தவேலையை மகளே பொறுப்பெடுத்தாள். குளிப்பிட ஓரத்தில ஒரு வரிசையைக் கிண்டி எடுத்துப்போட்டு, செங்கல் நிறத்தில பளபளப்பில்லாத சின்ன ரைல்ஸ் பதிச்சம். வெறுங்காலுக்கு வழுக்கல் தரம் ஏ, பி, சி எண்டு இருக்கு. குளிக்கிற இடத்துக்குக் குறைஞ்சது பி வேணும். ரொய்லெற்றுக்குப் பின்சுவருக்குக் காவி நிறம் அடிச்சம். பிடிகம்பிக்குக் கடுஞ்சிவப்பு. கருஞ்சாம்பல் நிலத்துக்கு மேல இளநிறத்தில வழுக்காத பாய்.

அம்மா வந்து பாத்தா. "வடிவில்லை" எண்டா. துவாயை எடுத்துக்கொண்டு உள்ள போய்க் கதவைச் சாத்தினா.

மனிசி இண்டைக்கும் வாற ஆக்களுக்கு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு விளக்கம் சொல்லிக் களைக்கிறா, ரைல்ஸ் காணாமல் போனதெண்டு நினைக்கினமாம். காணாமலோ? நிலவறையில ஆறு பெட்டி கருஞ்சாம்பல் அப்பிடியே கிடக்கு, எல்லாம் ஒரே தொகுதி இலக்கம். ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ. ஆனால் வீட்டில வயசான ஆக்கள் இருந்தால் தரமாட்டன்.