கால் மிதியில், கை நாடாவில்

துண்டிகல் ஐதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்திய விமானப்படை அகாடமி அங்கே 1971-லிருந்து நடக்கிறது. பயிற்சி முடித்தவர்கள் ஜூனிலும் டிசம்பரிலும் அணிவகுத்து அதிகாரிகளாக வெளியே வருவார்கள். விமானிகளில் ஒட்டுமொத்தமாக முதலில் நிற்கிறவருக்குக் குடியரசுத் தலைவர் பட்டயமும் கௌரவ வாளும் உண்டு. படிப்பு, ஒழுக்கம், பறத்தல் எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்குதான். ஆனாலும் அந்த வாளைப் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான் தோன்றும்: இவன் நல்லாப் பறக்கத் தெரிந்தவன்.

நல்லாப் பறப்பது என்றால் என்ன? இரண்டு காலும் மிதியில். ஒரு கை கோலில், இன்னொரு கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கிற பிடியில். கண் வெளியிலும் முள்ளிலும் மாறி மாறி ஓட வேண்டும். கெடப்போவதைக் கெடுவதற்கு முன்னால் உணர வேண்டும். இன்றைக்குப் பறக்கக் கூடாது என்றால் இறங்கி வந்துவிடவும் தெரிய வேண்டும். இதையெல்லாம் என் அக்கா மகன் விளக்கிச் சொன்னபோது நைனா சிரித்துவிட்டார்.

"காலு ரெண்டும் மிதியில, கை நாடாவுல, கண்ணு பாவுல, காது ஜக்கார்டு பெட்டியில. அம்பது வருசமா நான் இன்னாத்தடா பண்ணிக்கினு கீறேன்?"

ஆரணிப் பட்டு ஊர் உலகத்துக்குத் தெரியும். புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. எங்கள் காலனியில் ஓடுவது கூலித்தறி. பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, புடவையும் அவருடையதே. முதுகுவலி மட்டும் எங்களுக்கு. முன்பணம் வாங்கின வீட்டில் எட்டு வயசுப் பிள்ளை தார் சுற்ற உட்காரும். நைனா அப்படி உட்கார்ந்தவர்தான். பாவில் ஆயிரக்கணக்கான இழை. ஒன்று அறுந்தால் கண் போவதற்கு முன்னால் அவர் கை நின்றுவிடும். எந்த முதலாளியும் அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. புடவையை வாசலிலேயே வாங்கி, மடிப்பைப் பிரித்து, குறை தேடிக் கூலி பிடிப்பார்கள்.

வாளைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அங்கே திறமைதான், ஜாதி கிடையாது' என்கிறார்கள். போலீசில் உள்ள இட ஒதுக்கீடு முப்படைகளில் கிடையாது என்பது நிஜம். முதலில் வந்தவனின் திறமையை நான் மறுக்கவில்லை. யாரோடு ஓடி முதலில் வந்தான் என்றுதான் கேட்கிறேன்.

அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்தவன். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குப் போனான். விமானியாக விரும்புகிறவனுக்குக் கையும் காலும் கண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு கம்ப்யூட்டர் தேர்வு உண்டு. வாழ்நாளில் ஒரே தடவை. இவன் அதுவரைக்கும் போகவே இல்லை. முதல் நாளே ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து அந்தக் கதையை விவாதிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் இங்கிலீஷில் ஒருவரை ஒருவர் மறித்துப் பேச, இவன் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான். "பேசத் தெரியும் மாமா, கத்தத் தெரியல" என்றான்.

பட்டாளம் நமக்குப் புதுசா? 1751-ல் கிளைவ் சண்டை போட்ட ஊர் ஆரணி. கும்பினியின் மதராஸ் பட்டாளத்தில் பறையர்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வெள்ளைக்காரன் 'போர்க்குடிகள்' என்று ஒரு தத்துவம் கட்டி நம்மைப் போன்றவர்களை ஓரங்கட்டினான். அம்பேத்கரின் அப்பா சுபேதார். அப்படியிருந்தும் மகர்களுக்கு நிலையாக ஒரு ரெஜிமெண்ட் அமைய 1941 ஆனது.

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. பெஞ்சமின் டேவிஸ் என்கிற கறுப்பர் 1932-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்தார். நான்கு வருசம் சக மாணவர்கள் யாரும் அவரோடு பழகவில்லை. தனியாகச் சாப்பிட்டு, தனி அறையில் படுத்து, 276 பேரில் 35-வதாகத் தேறினார். விமானப் பிரிவு கேட்டார். கறுப்பர் என்று மறுத்தார்கள். 1942-ல்தான் டஸ்கிகியில் விமானியானார். பிறகு அந்த நாட்டு விமானப்படையின் முதல் கறுப்பு ஜெனரல். அவர்களுடைய விமானப்படை அகாடமியின் ஓடுதளத்துக்கு 2019-ல் அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே படித்து வந்தவர்களில் பறப்பதில் சிறந்தவருக்குத் தருகிற விருது ஜபாரா என்பவர் பெயரில் இருக்கிறது. லெபனானிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளை அவர். கறுப்பர்களை அந்த நாடு பண்ணின பாட்டுக்கு இது ஈடாகாது. ஆனால் பெயர் வைக்கவாவது அங்கே மனசு வந்திருக்கிறது.

நம் பக்கம் 2020 ஜூனில் மத்தியப் பிரதேசத்து நீமச்சில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள் ஆஞ்சல் கங்வால் துண்டிகலில் குடியரசுத் தலைவர் பட்டயம் வாங்கினார். அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துத் தறிக்கு மேலே ஒட்டியது அக்கா.

பையனுக்கு இப்போது 22. விமானியாக 24 வரைக்கும்தான் வயசு. மறுபடியும் எழுதப்போகிறான். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிக்கிறான். பக்கத்து வீட்டில் திட்டுகிறார்கள். விமானிக்குக் கால் நீளம் 99 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது என்று விதி. அவனைச் சுவரோடு உட்காரவைத்து, புடவை அளக்கிற டேப்பால் நைனாவே அளந்தார். 104.