காற்றும் நீரும்

ஜப்பானில் வேலை பார்த்த ஆண்டுகளில், ஒரு விடுமுறை நாளன்று அலுவலக நண்பர் ஒருவர் என்னை மோட்டெகிக்கு அழைத்துச் சென்றார். தொச்சிகி மாநிலத்தின் குன்றுகளுக்கிடையே ஹோண்டா நிறுவனத்தின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கார்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. அழைத்தவர் மனம் கோணக்கூடாதே என்றுதான் போனேன். வரிசையாக நின்ற வாகனங்களில் எளிய தோற்றமுடைய ஒரு காரின் முன் நண்பர் நெடுநேரம் நின்றார். ஹோண்டா 1300. "இது தோற்றுப்போன கார்" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை, ஒருவிதப் பரிவு இருந்தது. திரும்பி வந்தபின் அதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

மோட்டார் சைக்கிள்களில் பெயர்பெற்ற சோய்ச்சிரோ ஹோண்டா 1967ல் என்360 என்ற சிறிய காரைக் கொண்டுவந்தார். 360 சி.சி.க்கு மேல் போகக்கூடாது என்பது அன்று ஜப்பானின் சிறுகார்களுக்கான சட்டம். என்360ல் இருந்தது 354 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல வெறும் காற்றால் குளிர்வது, ரேடியேட்டர் கிடையாது. மற்ற சிறுகார்கள் இருபது சொச்சம் குதிரைத்திறனில் ஊர்ந்துகொண்டிருந்தபோது இது நிமிடத்துக்கு 8,500 சுழற்சிகளில் 31 குதிரைத்திறன் தந்தது. கார் அமோகமாக விற்றது.

அந்த வெற்றியில்தான் சிக்கலும் தொடங்குகிறது. நீரால் குளிரும் எஞ்சினிலும் கடைசியில் அந்த நீரைக் குளிர்விப்பது காற்றுதானே, இடையில் நீர் எதற்கு என்பது ஹோண்டாவின் வாதம். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! பெரிய காருக்கும் காற்றே போதும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பந்தயக் காருக்கும் அதையே செய்வித்தார். அந்த ஆர்ஏ302 இன்னும் தயாராகவில்லை என்று ஜான் சர்டீஸ் அதை ஓட்ட மறுத்தார். 1968 ஜூலை 7 அன்று பிரான்ஸின் ரூவானில், மழையில், ஜோ ஷ்லெஸர் அதை ஓட்டினார். கார் தடம் விலகி மோதித் தீப்பற்றியது. உடல் மக்னீசியத்தால் ஆனதால் தீ அடங்கவில்லை. ஷ்லெஸர் இறந்துபோனார். அதே பந்தயத்தில் நீரால் குளிரும் பழைய ஹோண்டாவை ஓட்டிய சர்டீஸ் இரண்டாவதாக வந்தார். மழையும் தீயும் செய்ததைக் காற்றின்மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. ஆனாலும் அந்த நாளை இந்தக் கதையிலிருந்து விலக்கிவிடவும் முடியவில்லை.

1969ல் வந்தது 1300. எஞ்சினைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பி, அதனிடையே காற்றைச் செலுத்தும் அமைப்பு. நூறு குதிரைத்திறன், அதன் அளவுக்கு வியக்கத்தக்க சக்தி. ஆனால் எளிமைக்காகத் தொடங்கிய கருத்து இங்கே சிக்கலின் உச்சத்துக்கு வந்துவிட்டிருந்தது. எஞ்சின் கனத்தது, விலை ஏறியது, கார் விற்கவில்லை.

இதற்கிடையே 1970ல் அமெரிக்கா புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. கார் கக்கும் நச்சுப்புகையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்குச் சிலிண்டரின் வெப்பம் எங்கும் ஒரே சீராக இருந்தாக வேண்டும். நீரால் அது இயலும், காற்றால் இயலாது. இளம் பொறியாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான தடாஷி குமே சில காலம் வேலைக்கே வராமல் இருந்துவிட்டார். கடைசியில் அவர்கள் போய் நின்றது நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட தகேயோ ஃபுஜிசாவாவிடம். அவர் ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் இங்கே தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராகவா? தலைவராக இருப்பதே முறை என்றார் ஹோண்டா. அப்படியானால் அவர்களை நீருக்கு விடுங்கள் என்றார் ஃபுஜிசாவா. சரி என்றார்.

மேலாண்மை நூல்களுக்கு மிகவும் உவப்பான காட்சி இது. எனக்கோ அந்த 'சரி' பெரும் துயரமாகப் படுகிறது. என்360ஐ உருவாக்கிய அதே பிடிவாதம்தான் 1300ஐயும் உருவாக்கியது. எங்கே அது மேதைமை, எங்கே அது மூப்பு என்று உள்ளிருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

1971ல் நீரால் குளிரும் 356 சி.சி. எஞ்சினுடன் லைஃப் வந்தது. அடுத்த ஆண்டு சிவிக். கூடவே சி.வி.சி.சி. என்ற எஞ்சினையும் அறிவித்தார்கள். பெட்ரோல் மிகக் குறைந்த கலவையில் தீப்பொறி எளிதில் பற்றாது. ஆகவே சிலிண்டரின் தலையில் ஒரு சிறு அறை அமைத்து, தனி வால்வு வழியே அதற்கு மட்டும் செறிந்த கலவை தந்து, அங்கே தீ மூட்டினார்கள். அந்தச் சுவாலை பெரிய அறைக்குப் பாய்ந்து மீதியை நிதானமாக எரிக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கருவி எதுவும் இல்லாமலேயே அது அமெரிக்காவின் சோதனையில் தேறியது. சிறிய எஞ்சினுக்குத்தான் இது சரிப்படும் என்று பேச்சு எழுந்தபோது, ஹோண்டா ஒரு செவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் எட்டுச் சிலிண்டர் எஞ்சினையே மாற்றியமைத்து, அதையும் தேறச் செய்தது.

பெரிய கம்பெனிகளுக்கு இணையாக நிற்க இதுவே வாய்ப்பு என்று ஹோண்டா உற்சாகமாகச் சொன்னபோது, நாங்கள் இதைச் செய்வது கம்பெனிக்காக அல்ல, சமூகத்துக்காக என்று இளைஞர்கள் சொன்னார்களாம். 1973 அக்டோபரில், 66 வயதில், ஃபுஜிசாவாவுடன் சேர்ந்தே அவர் பதவி விலகினார். பத்தாண்டுகள் கழித்துக் குமே அந்த நிறுவனத்தின் தலைவரானார்.

நான் எஞ்சின் செய்பவனல்ல, மென்பொருள் எழுதுகிறவன். மோட்டெகிக்குப் போன அந்த நாட்களில், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒன்றை அடியோடு மாற்ற வேண்டும் என்று குழுவில் ஓர் இளம்பெண் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிற ஒன்றை ஏன் தொட வேண்டும் என்று ஆறு மாதங்களாகத் தட்டிக்கழித்து வந்தேன். அவர் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் வசதிக்காகத்தான்.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம் அவருடைய வரைவை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே என் பழைய எழுத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. மிகப் பணிவாகத்தான் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.